ஆனையூர் உப்பும் ஒரு உருண்டைப் புளியும்

எங்க ஆனையூர் போர்த் தண்ணியப் பத்தி நான் என்ன வேணாலும் பேசுவேன். வாளி விளிம்புல வெள்ளையா வளையம் போட்டுரும். பைப்பு மூக்குல தாடி வளத்துரும். சோப்பைத் தேய்ச்சா நுரை வராது, திரிஞ்ச பால் மாதிரி ஒண்ணு வரும். துவரம்பருப்பை அதுல போட்டா, எம்புட்டு விசில் விட்டாலும் வேக மாட்டேன்னு அடம் பிடிக்கும். இதெல்லாம் நான் சொல்லலாம். வெளியூர்க்காரங்க சொன்னா மட்டும் எனக்குச் சுருக்குனு ஏறிரும். புருசனை நாம திட்டலாம், அடுத்தவ திட்டக் கேட்டுக்கிட்டு இருப்போமா, அந்தக் கணக்குதான்.

அந்தத் தண்ணிக்கு எங்க வீட்டுலயே ரொம்பப் பிடிச்ச எடம் கக்கூஸ். வீடு கட்டுறப்ப எங்க வீட்டுக்காரர் ஆசை ஆசையா ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வச்சாரு. பின்னாடி வெள்ளை வெளேர்னு ஒரு ஃப்ளஷ் டேங்க், பக்கத்துல கைப்பிடி. குடிவந்த புதுசுல வீடு பாக்க வந்தவங்களுக்குப் பூஜை ரூமைக் காட்டுறதுக்கு முன்னாடி அதைத்தான் காட்டுவாரு. நான் தலையில அடிச்சுக்குவேன்.

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிக்கல. டேங்குக்குள்ள ஒரு பந்து மெதக்கும். தண்ணி நெறைஞ்சதும் அது மேல வந்து பைப்பை அடைக்கணும். உப்பு பிடிச்சு அது பாதி வழியில நின்னுக்கிரும். அடியில வட்டமா ஒரு ரப்பர் வாஷர். ஃப்ளஷ் பண்ணினா தூக்கி, பெறகு சப்புனு உக்காந்து தண்ணிய நிறுத்தணும். அதுலயும் உப்பு படிஞ்சு கல்லு மாதிரி ஆயி, கோணலா உக்காரும். கோணலா உக்காந்தா டேங்குத் தண்ணி நாள் பூரா சலசலன்னு ஓடிக்கிட்டே கெடக்கும். கழுவுறதுக்கு வச்ச கைக்குழாயோட கதை தனி. அதுல பாதி ஓட்டை அடைஞ்சு போச்சு. மீதி ஓட்டை எந்தத் திசையில பீச்சும்னு அந்த மீனாட்சிக்குத்தான் தெரியும். ஒருதடவை சொந்தக்காரர் ஒருத்தர் உள்ள போயிட்டு சட்டையெல்லாம் நனைஞ்சு வந்தாரு. நாங்களும் கேக்கல, அவரும் சொல்லல.

எங்க வீட்டுக்காரர் காளவாசல் பக்கம் ஒரு கடையில வாஷர் வாங்குவாரு. அந்தக் கடைக்காரர் சாமானை எடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர் மாதிரி ஒரு கேள்வி கேப்பாராம். "எந்த ஏரியாண்ணே?" பசுமலைன்னா ஒரு வாஷர் எடுத்து வைப்பாராம். ஆனையூர்னா பேசாம ரெண்டு எடுத்து வைப்பாராம். இதை எங்க வீட்டுக்காரர் ஏதோ விருது வாங்கிட்டு வந்த மாதிரி வந்து சொல்லுவாரு. டேங்கையே மாத்துங்கன்னு நான் சொன்னா மட்டும் காதுல விழாது. வாஷர் மாத்துறது அவருக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. அதை நான் கெடுக்கப் பாக்குறேன்னு நெனப்பு.

அந்த டேங்கை வழிக்குக் கொண்டுவரத் தெரிஞ்ச ஒரே ஆளு எங்க மக. எங்களுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் போற வயசுலயே அவ அதுக்கு ஒரு வித்தை கண்டுபிடிச்சுட்டா. மூடியத் தூக்கி, முழங்கை வரைக்கும் கைய விட்டு, வாஷரைக் கொஞ்சம் திருகி உக்கார வச்சு, மூடியப் போட்டு, டேங்கோட இடது பக்கம் மடக்குன விரலால ஒரு தட்டு. டொக். அம்புட்டுத்தான், தண்ணி நின்னுரும். அவ அப்பாவும் தட்டிப் பாத்தாரு, நானும் தட்டிப் பாத்தேன். எங்களுக்கெல்லாம் அது அசையல. காலையில அடுப்படியில நிக்கிறப்ப அந்த டொக் சத்தம் கேக்கும். கேட்டதும் நான் அடுப்பைச் சின்னதாக்கிட்டு, சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கிட்டு வாசப்படியில போய் உக்காருவேன். அவ வந்து முன்னாடி உக்காருவா. தலை பின்னி விடுவேன். கல்லூரி போறப்பவும் இதேதான் நடந்துச்சு. வேலைக்குப் போனப்பவும் லீவுல வந்தா இதேதான்.

வேலை பாத்த எடத்துல பழகி, ரெண்டு வீட்டுலயும் பேசி, கோயம்புத்தூர்ல கட்டிக்குடுத்தோம். மாப்ள தங்கம். சம்பந்தியம்மாவும் நல்லவங்கதான். மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாங்க. ஆனா சிறுவாணித் தண்ணியப் பத்தி பேச ஆரம்பிச்சாங்கன்னா எனக்குத் தாங்காது. கல்யாணத்தன்னிக்கு எங்க ஊருல கை கழுவிட்டு, கையத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டு, "சோப்பு போகவே மாட்டேங்குதுங்களே"ன்னாங்க. மொதல்ல சோப்பு நுரைச்சாத்தானே போறதுக்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

மக போனதுக்கப்புறம் எங்க வீட்டுல டேங்கைத் தட்ட ஆளில்ல. நாங்க ரெண்டு பேரும் பைப்பு வால்வை அடைச்சுப் போட்டுட்டு, வாளியில மொண்டு ஊத்திக்கிட்டோம். எங்க வீட்டுக்காரர் வாஷர் வாங்குறதையும் விட்டுட்டாரு. வீடு அமைதியாயிருச்சு. எனக்கு அது பிடிக்கல.

மக முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். அதுல மாத்துக் கருத்து எங்க ஊருல யாருக்கும் கெடையாது. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சுக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லத்தான் போன் பண்ணுனேன். எடுத்தது சம்பந்தியம்மா. "தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க ஊருத் தண்ணி ரொம்ப உப்புங்கறாங்க. புள்ளை கீழ உக்காந்து எந்திரிக்க முடியாது. அந்த வெஸ்டர்ன் டாய்லெட்டுல தண்ணி நிக்காதுன்னு அவளே முன்ன ஒருக்கா சொல்லியிருக்காளுங்க. இங்கயே பாத்துக்கலாமுங்களே."

போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. மக பக்கத்துலதான் இருந்தா, அவ வளையல் சத்தம் கேட்டுச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. 'இல்லத்தை, நான் எங்க அம்மாகிட்ட போறேன்'னு சொல்லுவாள்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். சொல்லல. அவளுக்கே அந்த ஊரு போதும்னு ஆகிருச்சோ, நல்ல தண்ணியும் பட்டு மாதிரி முடியும் பழகி இந்த உப்புத் தண்ணிக்கு யாரு வருவான்னு நெனைக்கிறாளோன்னு பயம். ஆமா, பயந்தான். வெளிய காட்டிக்கல.

கடைசியில ஒரு சமாதானம் பேசுனாங்க. வளைகாப்பு முடிஞ்சு அவங்களும் கூட வருவாங்களாம். வீட்டைப் பாப்பாங்களாம். வசதியா இருந்தா மகளை விட்டுட்டுப் போவாங்களாம், இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருவாங்களாம். பொண்ணு பாக்க வருவாங்க தெரியும், கக்கூஸ் பாக்க வர்றதை நான் அப்பத்தான் கேள்விப்படுறேன்.

"டேங்கை மாத்தித் தொலைங்க"ன்னு எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சேன். இந்த வாட்டி காதுல விழுந்துச்சு. பிளம்பருக்குப் போன் போட்டாரு. எங்க ஏரியா பிளம்பர் வேலையில புலி, அதை அவரே சொல்லுவாரு. ஆனா புலி கூண்டை விட்டு வெளிய வராது. "பத்து நிமிசத்துல வாரேண்ணே"ம்பாரு. பின்னாடி டீக்கடையில கிளாஸ் கழுவுற சத்தம் கேக்கும். அந்தப் பத்து நிமிசம் வளைகாப்புக்கு மொத நாள் வரைக்கும் முடியல.

மொத நாள் சாயந்தரம் நான் விளக்கு தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். வளைகாப்புக்குக் கொண்டு போற குத்துவிளக்கு, செம்பு எல்லாத்துலயும் எங்க ஊரு உப்பு வெள்ளையா படிஞ்சு கெடந்துச்சு. புளியப் போட்டுத் தேய்ச்சதும் தகதகன்னு வந்துருச்சு. செம்பையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் என் புத்திக்கு அது தோணுச்சு. செம்புல போன உப்பு டேங்குல போகாதா? கட்டுச்சோத்துக்குப் புளியோதரை கிண்ட வாங்குன புளியில மீதி கெடந்துச்சு. பெரிய உருண்டையா எடுத்து வெந்நியில கரைச்சு, சக்கையோட டேங்குல ஊத்தினேன். வெளியில கண்ட எடத்துலயும், டேங்கோட அடி நட்டுல பாறை மாதிரி வெள்ளையா படிஞ்சு கெடந்த உப்பு மேலயும் அப்பி விட்டேன். "என்ன பண்ற?"ன்னாரு எங்க வீட்டுக்காரர். "நீங்க வருசக் கணக்கா பண்ணாததை"ன்னேன். ஊறட்டும்னு விட்டுட்டு, மறுநாள் விடியக்காலமே வால்வைத் தொறந்து வச்சுட்டு, கட்டுச்சோத்தோட கார்ல கெளம்பிட்டோம்.

கோயம்புத்தூர்ல வளைகாப்பு அமோகமா நடந்துச்சு. மகளுக்கு ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பச்சையும் செவப்புமா கண்ணாடி வளையல். அந்த வீட்டுல அவ நடக்குறதை நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மெதுவா நடக்குறா, மெதுவா பேசுறா, தண்ணி வேணும்னா கூட, "அத்தை, தண்ணி எடுத்துக்கட்டுமா"ன்னு கேக்குறா. எங்க வீட்டுல தண்ணி வேணும்னா அண்டாவையே கவுக்குறவ. சம்பந்தியம்மா என் புளியோதரைய ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. "இந்தப் புளிப்பு எங்க ஊருல வராதுங்க"ன்னாங்க. எனக்குப் பெருமை பிடிபடல.

ஆனையூர் வந்து சேர பொழுது சாஞ்சிருச்சு. மகளை வாசல்ல நிக்க வச்சு நான் ஆரத்தி கரைச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க வேடிக்கை பாக்க வந்துட்டாங்க. சம்பந்தியம்மா மெதுவா எங்கிட்ட வந்து, "பாத்ரூம் எங்கீங்க?"ன்னாங்க. கை நீட்டிக் காட்டினேன். உப்பெல்லாம் போயி பளபளன்னு இருக்கும், பாக்கட்டும்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் காட்டினேன்.

நான் ஆரத்திய ஊத்திட்டுத் திரும்புறதுக்குள்ள அவங்க வெளிய வந்து நின்னுக்கிட்டு இருந்தாங்க. மொகத்துல கோவம் இல்ல. ஒரு கலக்கம்.

"ஏனுங்க சம்பந்தி, ஃப்ளஷ் பண்ணுனனுங்க. ரசமாட்டம் வருதுங்க."

கையில இருந்த ஆரத்தித் தட்டைக் கீழ வச்சேன்.

"உள்ள ஒரு புளியங்கொட்டை மெதக்குதுங்க."

அவங்க மத்தியானம் சாப்பிட்ட புளியோதரைய நெனைக்கிறாங்கன்னு அந்த மொகத்துலயே தெரிஞ்சுச்சு. நான் ஓடிப் போய்ப் பாத்தேன். டேங்க் பளபளன்னுதான் இருந்துச்சு. ஆனா உள்ள புளிச்சக்கையும் கழண்ட உப்புச் சில்லும் போயி வாஷருக்கு அடியில மாட்டிக்கிட்டு, பழுப்புத் தண்ணி நிக்காம ஊத்துது. அதை விடக் கொடுமை, அடி நட்டுல இருந்து தண்ணி தாரையா தரையில வடியுது. அம்புட்டு நாளும் அந்த நட்டோட ஓட்டைய அடைச்சுக்கிட்டு இருந்ததே அந்த உப்புதான். அதைப் போயி நான் புளி போட்டுக் கரைச்சு விட்டிருக்கேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்க வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, வாயில துண்டை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சிரிக்கிறாரு மனுசன். அவரை அப்பறம் கவனிச்சுக்கலாம்னு விட்டேன்.

தரை பூரா தண்ணி. சம்பந்தியம்மா பாத்ரூம் வாசல்ல நின்னு அதையே பாத்தாங்க. பெறகு மெதுவா சொன்னாங்க. "கோச்சுக்காதீங்க. ஈரத் தரைங்க. வயித்துப் புள்ளைக்காரி இதுல காலை வெச்சு வழுக்குனா என்னங்க பண்றது? நாளைக்குக் காலைல நானு கூட்டிட்டுப் போயிர்றனுங்க."

அவங்க சொன்னதுல தப்பே இல்ல. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பா ஏதாச்சும் சொல்லியிருந்தா ஒரு பிடி பிடிச்சிருப்பேன். தரைத்துணியைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். கண்ணு கலங்கிருச்சு. இம்புட்டு நாள் பாத்துப் பாத்து வச்சிருந்த ரூம், வெளுத்துப் போட்ட மெத்தை விரிப்பு, பிள்ளைக்குன்னு மொட்டை மாடியில காய வச்ச பழைய வேட்டித் துணி, எல்லாம் ஒரு உருண்டைப் புளியில கரைஞ்சு போச்சேன்னு இருந்துச்சு.

"அம்மா, தள்ளு."

மக குரல். நிமிந்து பாத்தா, நெத்தியில ஆரத்திப் பொட்டோட நிக்கிறா. கோயம்புத்தூர்ல கேட்ட மெதுவான குரல் இல்ல. பழைய அதிகாரக் குரல்.

"அப்பா, அந்தப் பழைய பனியனை எடு. பச்சை வாளி எங்க? அம்மா, தரையத் தொடை, நான் அதுவரைக்கும் இங்க நிக்கிறேன். அந்த ஸ்டூலைப் போடு."

எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர் மாதிரி ஓடினாரு. நான் தரைய ஒட்டத் தொடைச்சு, சாக்கு விரிச்சு, ஸ்டூலைப் போட்டேன். அவ என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்து டேங்குக்குப் பக்கத்துல உக்காந்தா. அப்பாவை மூடியத் தூக்கச் சொன்னா. வளைகாப்பு வளையலைக் கழட்டக் கூடாதுல்ல, ரெண்டு கையாலயும் மாறி மாறித் தள்ளி முழங்கைக்கு மேல ஏத்திக்கிட்டா. அந்தப் பழுப்புத் தண்ணிக்குள்ள கைய விட்டா. மொகத்தைச் சுளிக்கக் கூட இல்ல. கையை வெளிய எடுத்தப்ப ஒரு கத்தை புளிச்சக்கை.

"ஏம்மா, ரசத்துக்குக் கொத்தமல்லி போடலையா?"

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு கழுதை"ன்னேன். அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

மறுபடி கைய விட்டு வாஷரைத் திருகி உக்கார வச்சா. நட்டைச் சுத்திப் பனியன் துணிய அப்பாவை விட்டு இறுக்கிக் கட்ட வச்சா. எந்த மூலையில சொட்டும்னு அவளுக்குத் தெரியும், பச்சை வாளிய அங்க தள்ளி வைக்கச் சொன்னா. பெறகு மூடியப் போட்டதும், இடது பக்கம் மடக்குன விரலால ஒரு தட்டு.

டொக்.

தண்ணி நின்னுருச்சு.

சம்பந்தியம்மா மருமகளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. புதுசா ஒருத்தியப் பாக்குற மாதிரி. மக எந்திரிச்சு, கையக் கழுவிட்டு, சோப்பு நுரைக்கலைன்னு பழைய படியே அதைத் திட்டிக்கிட்டே, அடுப்படிக்குள்ள போயிட்டா. டப்பாவைத் தொறந்து எதையோ எடுத்துத் திங்கிற சத்தம் கேட்டுச்சு.

சம்பந்தியம்மா ஹால்ல வந்து உக்காந்தாங்க. "எங்கூட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுக்கோணும்னாலும் கேட்டுட்டுத்தானுங்க எடுப்பா"ன்னாங்க. "எத்தனையோ தடவை சொல்லிட்டனுங்க, இது உன்ற ஊடு கண்ணு, கேக்காத எடுன்னு. இன்னும் கேக்கறாளுங்க."

அவங்க குரல்ல ஒரு சின்ன வருத்தம் இருந்துச்சு. அதைக் கேட்டதும் எனக்கு அவங்க மேல இருந்த கோவமெல்லாம் எங்கயோ போயிருச்சு. அவங்களும் அவ மேல ஆசை வச்சவங்கதானே. "இன்னுங் கொஞ்ச நாள்ல கேக்காம எடுப்பா, நீங்களே திட்டுவீங்க"ன்னேன்.

சிரிச்சாங்க. "புள்ளை பெறக்கற நேரத்துல கேக்காம எடுக்கற எடத்துல இருக்கறதுதானுங்க நல்லது. இங்கயே இருக்கட்டுங்க. ஆனா அந்த டேங்கை மட்டும் மாத்திப் போடுங்க. புளி வேண்டாமுங்க."

அடுப்படியில இருந்து மக வாயில முறுக்கோட எட்டிப் பாத்து, "அத்தை, நான் அன்னைக்கே சொல்லணும்னு நெனைச்சேன். போறேன்னு சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன்"னா. அந்தப் போன் மௌனத்துக்கு இதுதான் அர்த்தம். அதுக்கு நான் எத்தனை ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சேன். பெத்த வயித்துக்குப் பிள்ளை பேச்சு புரியுது, மௌனம் புரியல.

மறுநாள் காலையில பிளம்பர் தானா வந்து நின்னாரு. "நான்தான் வாரேன்னு சொன்னேன்லக்கா"ன்னு என்னைய ஒரு மொறை மொறைச்சாரு. சம்பந்தியம்மா மேற்பார்வையில பழைய டேங்கைக் கழட்டி, பிளாஸ்டிக்ல புது டேங்க் மாட்டினாரு. மேல பட்டன். பூ மாதிரி தொட்டா போதும், தண்ணி வந்து தானா நின்னுச்சு. சம்பந்தியம்மா தானே போய் அழுத்திப் பாத்துட்டு, தெளிஞ்ச தண்ணியப் பாத்துத் திருப்தியா தலையாட்டிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பினாங்க. போறப்ப மீதி புளிய ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க, புளியோதரைக்குத்தான்னு ரெண்டு தடவை சொல்லிட்டு.

அடுத்த நாள் காலையில நான் அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். பாத்ரூம்ல தண்ணி வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. பெறகு, டொக்.

"புது டேங்குடி அது, அதை எதுக்கு அடிக்கிற?"ன்னு இங்க இருந்தே கேட்டேன்.

"கை பழகிருச்சும்மா"ன்னா உள்ள இருந்து.

நான் அடுப்பைச் சின்னதாக்கினேன். சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கிட்டு வாசப்படியில போய் உக்காந்தேன்.